வால்டன் ஹீத்: ஹெதர் பூக்கும் மேட்டில் ஒரு கோல்ஃப் மைதானம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரிலிருந்து யார் வந்தாலும், லண்டன் பாலமும் அரண்மனையும் காட்டி முடித்த பிறகு ஒரு நாள் மட்டும் நான் கேட்டு வாங்கிக்கொள்வேன். அந்த நாளில் அவர்களை வால்டன் ஹீத்துக்குக் கூட்டிக்கொண்டு போவேன். கோல்ஃப் மட்டையைக் கையால் தொட்டிராத சித்தப்பா வந்திருக்கிறார். கிண்டியில் வாரம் தவறாமல் ஆடும் மைத்துனரும் வந்திருக்கிறார். இருவரும் கேட்ட கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. நான் பக்கத்துச் சட்டன் நகரில் 14 வருடமாக இருக்கிறேன். இந்த மேட்டில் ஆடியது சில தடவைதான், நடந்தது கணக்கில்லை.

வால்டன் ஹீத் எங்கே இருக்கிறது?

இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில், லண்டனுக்குத் தெற்கே, வால்டன்-ஆன்-த-ஹில் என்ற கிராமத்தை ஒட்டி. கடல் மட்டத்திலிருந்து சுமார் 600 அடி உயரத்தில் கிடக்கும் மேட்டு நிலம். தெற்குப் பக்கம் எம்25 நெடுஞ்சாலை. காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் லாரிகளின் இரைச்சல் கேட்கும், திசை மாறினால் வானம்பாடி மட்டும்தான். பழையது, புதியது என்று இரண்டு மைதானங்கள், ஒவ்வொன்றிலும் 18 குழி. பழையது 1904-இல் திறந்தது. புதியது 1907-இல் 9 குழியோடு தொடங்கி 1913-க்குள் 18 ஆனது. 'புதிய மைதானம்' என்ற பெயருக்கே நூறு வயது தாண்டிவிட்டது.

'ஹீத்' என்றால் என்ன நிலம்? பார்த்தால் தரிசு மாதிரி இருக்கிறதே?

சித்தப்பா காரிலிருந்து இறங்கியதும் சொன்ன முதல் வார்த்தை அதுதான். "என்னடா, பொட்டல்காடா இருக்கு." அவர் கண்ணில் தப்பில்லை. ஹீத் என்பது சத்தில்லாத, புளிப்பேறிய, மணலும் சரளையும் கலந்த மண். நெல் மாதிரி கோதுமையும் இங்கே சோறு போடாது. முழங்கால் உயரத்துக்குப் புதர்தான் வளரும். அதில் தலைவி ஹெதர்: விறகுக் குச்சி போன்ற தண்டு, அரிசிமணி அளவு இலை, ஆகஸ்டில் ஊதா நிறத்தில் பொடிப் பூ. கூடவே கோர்ஸ் என்ற மஞ்சள் பூ முட்செடி. அதன் பூவை மோந்து பார்த்தால் துருவிய தேங்காய் வாசம் அடிக்கும், நம் ஆட்கள் யாரைக் கூட்டிப் போனாலும் இதை மோந்து பார்க்க வைக்காமல் விடமாட்டேன்.

பலர் ஹீத்தை இயற்கை தானாக விட்டுவைத்த நிலம் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. இங்கே முன்பு காடு இருந்தது. வெண்கலக் காலத்திலிருந்தே மக்கள் மரத்தை வெட்டினார்கள், ஆடு மாடு மேய்த்தார்கள், அடுப்புக்குக் கோர்ஸ் வெட்டினார்கள், புல்தரையைக் கட்டி கட்டியாகப் பெயர்த்துக் காயவைத்து எரித்தார்கள். சத்து வெளியே போய்க்கொண்டே இருந்தது, திரும்பி வரவில்லை. ஏழை மண் இன்னும் ஏழையானது. அந்த ஏழ்மையில்தான் ஹெதர் செழிக்கும்.

எங்கள் மேலூர்ப் பக்கத்தில் ஊருக்கு ஒரு மந்தை இருக்கும், மேய்ச்சல் புறம்போக்கு இருக்கும். பட்டா யார் பேரிலும் இராது, ஆனால் ஊருக்கே உரிமை. இங்கிலாந்தின் 'காமன்' நிலம் அதற்கு ரொம்ப நெருக்கம். ஒரு வித்தியாசம், காமனுக்கு உடைமையாளர் உண்டு. ஆனால் மேய்க்கவும் விறகு எடுக்கவும் ஊராருக்குப் பரம்பரை உரிமை இருந்தது. வால்டன் ஹீத் அப்படிப்பட்ட காமன். இன்றைக்கும் குதிரைப் பாதையும் நடைபாதையும் ஃபேர்வேயை, அதாவது புல்லை ஒட்ட வெட்டிய ஆட்டப் பாதையை, குறுக்கே வெட்டிக்கொண்டு போகின்றன.

கோல்ஃப் கடற்கரை விளையாட்டு என்கிறார்களே, இந்த மேட்டுக்கு எப்படி வந்தது?

இதுதான் எல்லாவற்றுக்கும் மூலக் கேள்வி. ஸ்காட்லாந்தில் கோல்ஃப் பிறந்தது கடலோர மணல்மேடுகளில், லிங்க்ஸ் என்று சொல்லும் நிலத்தில். அடியில் மணல், மேலே காற்றில் குட்டையாகிப்போன கெட்டிப் புல். மழை பெய்தால் ஒரு மணி நேரத்தில் உள்ளே இறங்கிவிடும். பந்து தரையில் பட்டு ஓடும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டன்காரர்களுக்கு இந்த ஆட்டத்தின் மேல் ஆசை வந்தது. ஆனால் லண்டனைச் சுற்றி இருப்பது களிமண். குளிர்காலத்தில் சேறு, கோடையில் வெடிப்பு. பூங்காக்களில் போட்ட மைதானங்களில் பந்து விழுந்த இடத்திலேயே புதைந்தது.

சர்ரேயில் யாருக்கும் வேண்டாத ஹீத் நிலம் பல மைலுக்குக் கிடந்தது. அடியில் அதே மணல், மேலே அதே கெட்டிப் புல் வளர வாய்ப்பு. 1893-இல் சில வழக்கறிஞர்கள் சேர்ந்து வோக்கிங்கில் ஹெதரை வெட்டி மைதானம் போட்டார்கள். 1901-இல் வில்லி பார்க் ஜூனியர் வடிவமைத்த சன்னிங்டேல் திறந்தது. கடலே இல்லாமல் கடற்கரை ஆட்டம் ஆடலாம் என்று ஊருக்குப் புரிந்தது.

ரயிலும் சேர்ந்துகொண்டது. இந்தப் பக்கத்துப் பெரிய நிலக்கிழார் சர் காஸ்மோ பான்சர், தென்கிழக்கு ரயில் கம்பெனியின் தலைவர். 1900-இல் டாட்வர்த் வரை ரயில் வந்தது. அடுத்தது, ரயிலில் ஆள் வர ஒரு காரணம் வேண்டும். பான்சர் குடும்பம் பணம் போட, அவர்களுக்கு உறவுமுறையான ஹெர்பர்ட் ஃபவுலர் மைதானம் போட்டார்.

ஃபவுலர் யார்? பெரிய கோல்ஃப் வடிவமைப்பாளரா?

அதுவரை ஒரு மைதானம்கூடப் போட்டவர் இல்லை. முதல்தர கிரிக்கெட் ஆடியவர், கோல்ஃபுக்கு வந்ததே பிந்தித்தான். வேலையைத் தொடங்கும்முன் அவர் குதிரையேறி ஹீத் முழுக்கச் சுற்றிச் சுற்றி வந்தார் என்று சொல்வார்கள். அந்த மேட்டில் நடந்து பார்த்தால் ஏன் என்று தெரியும். கண்ணுக்குத் தட்டையாகத் தெரியும் இடத்தில் கால் மெல்ல இறங்கும், இன்னோர் இடத்தில் ஏறும். அவற்றைக் காலாலோ குதிரையின் குளம்பாலோதான் கண்டுபிடிக்க முடியும்.

அவர் மண்ணை அள்ளி மலை கட்டவில்லை. கிரீனுக்கு, அதாவது குழி இருக்கும் வழுவழுப்பான புல்தரைக்கு, ஏற்ற இடம் எங்கே தானாக அமைந்திருக்கிறது என்று தேடி, அங்கே புல்லைக் குட்டையாக வெட்டினார். அதனால் அவருடைய கிரீன்கள் பல, ஃபேர்வே எங்கே முடிந்தது, கிரீன் எங்கே தொடங்கியது என்று தெரியாத அளவுக்கு நிலத்தோடு ஒட்டிக் கிடக்கின்றன. இன்னொன்றும் அவர் கணக்கில் வைத்திருந்தார். அந்தச் சில வருடங்களில்தான் ரப்பர் இழை சுற்றிய ஹாஸ்கெல் பந்து வந்து, பழைய குட்டபெர்ச்சா பந்தை ஓரங்கட்டியது. 1902-இல் சாண்டி ஹெர்ட் அதை வைத்து பிரிட்டனின் பெரிய போட்டியான ஓப்பன் பட்டத்தை வென்றதும் எல்லாரும் மாறினார்கள். பந்து தூரம் போகத் தொடங்கியது, பழைய மைதானங்கள் திடீரெனச் சிறுத்தன. வால்டன் ஹீத் மட்டும் பிறக்கும்போதே நீளம். இன்றைக்குப் பழைய மைதானம் பின் டீயிலிருந்து (முதல் அடி அடிக்கும் இடங்களில் கடைசியானது) 7,000 கெஜத்துக்கு மேல்.

ஃபவுலர் பிற்பாடு அமெரிக்கா வரை போய் வேலை செய்தார். கலிஃபோர்னியாவின் பெப்பிள் பீச் மைதானத்தின் கடைசி ஹோல் (குழி) கடலோரமாக வளைந்து போகும் அழகைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். நாலு அடியில் முடிக்க வேண்டிய சாதாரண பார் 4 ஆக இருந்ததை, ஐந்து அடிக்கான பார் 5 ஆக்கியதும் இவர்தான்.

அங்கே ஆடினால் என்ன வித்தியாசம் தெரியும்?

காலில் தெரியும். முதல் அடியிலேயே. கிண்டியிலோ பெங்களூரிலோ ஆடிப் பழகியவர்களுக்குப் புல் என்றால் மெத்தை. இங்கே புல்லை மிதித்தால் கெட்டியான கயிற்றுப் பாய் மேல் நடப்பதுபோல் இருக்கும். ஃபெஸ்க்யூ என்ற ஊசிப் புல், தண்ணீரும் உரமும் குறைவாகக் கேட்பது.

தரை கெட்டியாக இருப்பதால் ஆட்டமே மாறுகிறது. என் மைத்துனர் முதல் நாள் 150 கெஜத்திலிருந்து அழகாக உயர்த்தி அடித்தார். பந்து கொடிக்கு நாலடி முன்னால் இறங்கியது. கைதட்ட நினைத்தோம். அது ஒரு குதி குதித்து, கிரீனின் பின்னால் உருண்டு, இன்னும் உருண்டு, ஹெதருக்குள் போய் நின்றது. அடுத்த ஹோலில் எங்களோடு ஆடிய உள்ளூர்ப் பெரியவர் ஒருவர், 70 வயதுக்கு மேல் இருக்கும், கிரீனுக்கு 30 கெஜம் முன்னாலேயே பந்தைத் தாழ இறக்கினார். அது இடப்பக்கச் சரிவில் ஏறி, வலப்பக்கம் திரும்பி, கொடிக்குப் பக்கத்தில் போய் ஓய்ந்தது. மைத்துனர் வாய் திறக்கவில்லை. அதற்கடுத்த ஹோலில் அவரும் தரையைப் பார்க்கத் தொடங்கினார்.

எனக்கு இந்த மைதானம் பிடிக்கக் காரணம் இதுதான். பலம் உள்ளவனுக்கு மட்டும் வழி திறக்கும் மைதானங்கள் உலகில் நிறைய. இங்கே நிலத்தை வாசிக்கத் தெரிந்தவருக்கும் வழி உண்டு. காற்று நாளுக்கு நாள் மாறும், தரை மாதத்துக்கு மாதம் மாறும். அதனால் ஒரே ஹோலை ஒருபோதும் ஒரே மாதிரி ஆட முடியாது.

பங்கர்கள் என்ற மணல் குழிகளைப் பற்றியும் சொல்லவேண்டும். ஆழமானவை. அவற்றின் விளிம்பில் புருவம்போல ஹெதர் வளர்த்து வைத்திருப்பார்கள். மணலிலிருந்து கொஞ்சம் தாழ்வாக எடுத்தால் பந்து அந்தப் புருவத்தில் மாட்டிக்கொள்ளும். பழைய மைதானத்தின் 16-ஆவது ஹோலில் இரண்டாவது அடி மேட்டுக் கிரீனை நோக்கி. வலப்பக்கம் ஒரு பள்ளமான பங்கர் வாய் பிளந்து காத்திருக்கும், நிலமோ மெல்ல அந்தப் பக்கமே சரியும். அங்கே போகக்கூடாது என்று தெரிந்தே எல்லாரும் அங்கே போவார்கள்.

ஹெதருக்குள் பந்து போய்விட்டால்?

முதலில் கண்டுபிடிக்க வேண்டும். 2019 முதல் தேடுவதற்கு விதிப்படி 3 நிமிடம்தான், முன்பு 5. தூரத்திலிருந்து பார்த்தால் பஞ்சுபோலத் தெரியும் அந்தச் செடிக்குள் பந்து நேராக வேர் வரை இறங்கிவிடும். தலைக்கு நேர் மேலே நின்று பார்த்தால்தான் வெள்ளை தெரியும். ஓரடி தள்ளி நின்றால் தெரியாது.

கிடைத்துவிட்டால் சபலம் வரும், அதுதான் ஆபத்து. ஹெதரின் தண்டு புல் இல்லை, குச்சி. கீழே வரும் மட்டையின் கழுத்தை அது பிடித்து இழுக்கும். முகப்பு இடது பக்கம் திரும்பிப்போகும். பந்து பத்து கெஜம் பக்கவாட்டில் போய் இன்னும் ஆழமான ஹெதரில் விழும். மணிக்கட்டுக்கும் வலி. எனக்குச் சொல்லித்தந்தது இதுதான்: வெட்ஜை (பந்தை உயர்த்தும் மட்டை) எடு, பிடியை இறுக்கு, செங்குத்தாக இறக்கு, பக்கத்தில் தெரியும் ஃபேர்வேக்குப் போ. கிரீனை மறந்துவிடு. அதுவும் முடியாதென்றால் ஓர் அடி அபராதம் ஏற்று, இரண்டு மட்டை நீளத்துக்குள் பந்தை விடலாம்.

பார்க்க இவ்வளவு மென்மையான ஒன்று இவ்வளவு கறாராக இருப்பது எனக்கு இன்றும் வியப்பு.

ஜேம்ஸ் பிரெய்டு என்ற பெயர் எங்கும் வருகிறதே?

வரவேண்டிய பெயர். ஸ்காட்லாந்தின் ஃபைஃப் கரையில், எர்ல்ஸ்ஃபெர்ரியில் 1870-இல் பிறந்தவர். அப்பா உழவுத் தொழிலாளி. மகன் தச்சுவேலை கற்றார், பிறகு லண்டனுக்கு வந்து ஒரு கடையில் கோல்ஃப் மட்டை செய்தார். ஓப்பன் பட்டத்தை 1901, 1905, 1906, 1908, 1910 என்று ஐந்து முறை வென்றார். ஐந்தை முதலில் எட்டியவர் அவரே. ஹாரி வார்டன், ஜே.எச். டெய்லர், பிரெய்டு ஆகிய மூவரும் 1894 முதல் 1914 வரை 16 ஓப்பன்களைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டார்கள். 1904 மே மாதத்தில் வால்டன் ஹீத்தைத் திறந்துவைத்து ஆடியதும் அந்த மூவர்தான்.

திறந்த அந்த வருடமே பிரெய்டு இங்கே புரொஃபஷனலாகச் சேர்ந்தார். 1950 நவம்பரில் இறக்கும்வரை இங்கேதான். 46 வருடம், ஒரே இடம். உறுப்பினர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது, மட்டை செய்து கொடுப்பது, அதற்கிடையில் ரயிலேறிப் போய் நாடெங்கும் மைதானம் வடிவமைப்பது. க்ளெனீகிள்ஸ் கிங்ஸ் மைதானம் அவர் கைவண்ணம். அந்தக் காலத்தில் புரொஃபஷனல் என்றால் கிளப்பின் வேலைக்காரர் என்ற எண்ணம்தான், படியேறிப் போய் உறுப்பினர்களோடு சரிசமமாக உட்கார முடியாது. ஆனாலும் அந்தத் தச்சனின் கைக்குக் கிடைத்த மரியாதை இன்று எந்தத் தலைவருக்கும் இந்த மேட்டில் இல்லை என்பதை நினைத்தால் மனசு நிறைகிறது.

பிரதமர்கள் எல்லாம் ஆடிய இடமாமே? குண்டு வெடித்தது என்கிறார்களே?

ஆமாம். லாய்ட் ஜார்ஜ், சர்ச்சில், பால்ஃபர் மூவரும் இங்கே ஆடியவர்கள். நாடாளுமன்றத்திலிருந்து ரயிலேறி மதியத்துக்குள் டீயில் நிற்கலாம், அது ஒரு காரணம். மற்றொரு காரணம் ஜார்ஜ் ரிடெல். 'நியூஸ் ஆஃப் த வேர்ல்ட்' பத்திரிகையின் முதலாளி, கிளப்பை நடத்தியவரும் அவரே. எட்டாம் எட்வர்டு வேல்ஸ் இளவரசராக இருந்தபோது 1935-இல் இங்கே கேப்டன் ஆனார். 1936 ஜனவரியில் அரசரும் ஆனார். ஆளும் அரசரே கிளப் கேப்டனாக இருந்த பெருமை அப்படி வந்தது.

குண்டு விஷயம் இது. நிதியமைச்சராக இருந்த லாய்ட் ஜார்ஜுக்காக ரிடெல் மைதானத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார். 1913 பிப்ரவரி 19 அதிகாலை, வேலை முடியாத அந்த வீட்டில் குண்டு வெடித்தது. இரண்டு வைத்திருந்தார்கள், ஒன்று வெடிக்கவில்லை. வீட்டில் யாரும் இல்லை, யாருக்கும் காயமில்லை. பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடிய சஃப்ரஜெட்டுகளின் செயல் அது. பொறுப்பைத் தன் மேல் ஏற்றுக்கொண்ட எமலின் பேங்க்ஹர்ஸ்ட்டுக்கு மூன்று வருடக் கடுங்காவல் விதித்தார்கள். அதே வருடம் ஜூனில் எமிலி டேவிசன் என்ற சஃப்ரஜெட் அரசரின் குதிரைக்கு முன்னால் ஓடி, சில நாளில் உயிர்விடும் அளவுக்கு அடிபட்ட எப்சம் பந்தயத் திடல், இங்கிருந்து சில மைல்தான்.

சுற்றுலாப் பேச்சில் இதை ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அப்படிச் சொல்லத் தோன்றுவதில்லை. ஓட்டு இல்லாதவர்களுக்கு இந்த ஃபேர்வேயின் ஓரம் எப்படித் தெரிந்திருக்கும் என்று ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டிய இடம் அது.

அந்தக் காலத்தில் பெண்கள் ஆடினார்களா?

ஆடினார்கள், வென்றும் காட்டினார்கள். 1910 அக்டோபரில் செசில் லீச் என்ற 19 வயதுப் பெண், இரண்டு முறை ஓப்பன் வென்ற ஹரால்ட் ஹில்ட்டனோடு மோதினார். 72 ஹோல் ஆட்டம். முதல் 36 வால்டன் ஹீத்தில், மீதி சன்னிங்டேலில். இரண்டு ஹோலுக்கு ஒன்று என்று ஹில்ட்டன் அடி விட்டுக்கொடுத்தார். பெண்ணுக்கு அந்தச் சலுகை போதாது என்றுதான் பலர் நினைத்தார்கள். லீச் ஜெயித்தார், ஒரு ஹோல் மீதம் இருக்கையில் இரண்டு ஹோல் முன்னிலையில்.

2023 ஆகஸ்டில் மகளிர் ஓப்பன் இங்கே நடந்தது. ஹெதர் பூத்து நின்ற வாரம் அது. அமெரிக்காவின் லிலியா வூ பாரை விட 14 அடி குறைவாக அடித்து, ஆறு அடி வித்தியாசத்தில் வென்றார். இங்கிலாந்தின் சார்லி ஹல் இரண்டாவது. லிலியாவின் தாத்தா வியட்நாமிலிருந்து தானே கட்டிய படகில் குடும்பத்தை ஏற்றித் தப்பி வந்தவர். நம் ஈழத்துச் சனங்கள் இத்தனை பேர் குடியிருக்கும் தெற்கு லண்டனுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அந்தச் செய்தியைச் சும்மா கடந்துபோக முடியவில்லை.

வேறு பெரிய போட்டிகள்?

1981 ரைடர் கோப்பை, அமெரிக்காவும் ஐரோப்பாவும் மோதும் அணிப் போட்டி. நிக்லஸ், வாட்சன், ட்ரெவினோ எல்லாம் ஒரே அமெரிக்க அணியில் வந்து ஐரோப்பாவை 18½–9½ என்று நொறுக்கினார்கள். 2005-இல் அமெரிக்க ஓப்பனுக்கான ஐரோப்பியத் தகுதிச்சுற்று இங்கே நடந்தபோது நியூசிலாந்தின் மைக்கேல் கேம்பெல் இங்கே ஆடித் தகுதி பெற்றார். அந்த ஜூனில் அமெரிக்காவின் பைன்ஹர்ஸ்ட்டில் டைகர் உட்ஸைப் பின்னுக்குத் தள்ளிக் கோப்பையையே தூக்கினார்.

மரங்களை வெட்டுகிறார்களே, இது நியாயமா?

நடக்க வருபவர்கள் கோபமாகக் கேட்கும் கேள்வி. நானும் முதலில் கோபப்பட்டேன். மரம் நடுவது புண்ணியம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம், பிர்ச் மரங்கள் வெட்டுண்டு கிடந்ததைப் பார்த்ததும் வயிறு கலங்கியது.

பிறகுதான் புரிந்தது. ஹீத் ஆடு மாடு மேய்ந்ததால் ஹீத்தாக இருந்தது. 20-ஆம் நூற்றாண்டில் மேய்ச்சல் நின்றது. விறகு வெட்ட ஆளில்லை. பிர்ச்சும் பைனும் விதை பறந்து வந்து முளைத்தன. நிழல் விழுந்தால் ஹெதர் சாகும். உதிர்ந்த இலை மக்கினால் மண்ணில் சத்து கூடும், கூடினால் புல் வந்து ஹெதரை அமுக்கும். சும்மா விட்டால் சில பத்தாண்டுகளில் ஹீத் போய்க் காடு வந்துவிடும். 1800 முதல் இன்றுவரை இங்கிலாந்து தன் தாழ்நில ஹீத்தில் 80 சதவீதத்துக்கு மேல் இழந்துவிட்டது. கட்டடம், உழவு, பைன் தோட்டம், மேய்ச்சல் இல்லாமை எல்லாம் சேர்ந்து. காட்டைத் திரும்ப வளர்க்கலாம். இராப்பறவை நைட்ஜாரும், கோர்ஸ் புதரிலேயே வாழும் டார்ட்ஃபோர்டு வார்ப்ளரும் தேடுவது இந்தத் திறந்த புதர்வெளியை. அவற்றுக்குக் காடு உதவாது.

அதனால் இங்கே பராமரிப்பு என்பது நமக்குத் தெரிந்ததற்கு நேர் எதிர். உரம் போடக்கூடாது. வெட்டிய செடியை அங்கேயே மக்கவிடக்கூடாது, அள்ளி வெளியே கொண்டுபோக வேண்டும். சில இடங்களில் மேல்மண்ணையே சுரண்டி எடுக்கிறார்கள். ஒரு குளிர்காலத்தில் அப்படிச் சுரண்டிய இடம் ஒன்றைப் பார்த்தேன். காயம்பட்டதுபோல் சாம்பல் நிற மணல். இரண்டாம் வருடம் குனிந்து பார்த்தபோது தையல் ஊசி உயரத்துக்குப் பச்சைப் புள்ளிகள், நூற்றுக்கணக்கில். யாரும் விதைக்கவில்லை. ஹெதர் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கும், வெளிச்சம் பட்டதும் எழும்.

ஊட்டி கோல்ஃப் மைதானமும் இப்படித்தானே?

மேட்டு நிலம், காற்று, பனி, கோர்ஸ் செடி. பார்த்தால் அக்கா தங்கை மாதிரி. ஆனால் பிறப்பு வேறு. நீலகிரியின் புல்வெளி மனிதர் வெட்டி உண்டாக்கியது இல்லை, சோலைக்காட்டோடு சேர்ந்து ஆயிரமாயிரம் வருடமாக அங்கே இருப்பது. கோர்ஸை வெள்ளைக்காரர்கள் கொண்டுபோனார்கள். இங்கே அது வீட்டுப் பிள்ளை, அங்கே புல்வெளியை விழுங்கும் அந்நியக் களை.

இரண்டுக்கும் ஒரு துயரம் மட்டும் பொது. இரண்டையும் 'வீண் நிலம்' என்று எழுதி வைத்தார்கள். அங்கே சீகை மரமும் தைல மரமும் நட்டார்கள், இங்கே பைன் நட்டார்கள். மரம் இல்லாத நிலத்தை ஏதோ குறைபட்ட நிலமாகப் பார்க்கும் பழக்கம் இரண்டு இடத்திலும் பெரிய சேதம் செய்தது.

பணக்காரர் விளையாட்டுக்கு ஊர் மந்தையைக் கொடுத்ததாக ஆகாதா?

நியாயமான கேள்வி, இதை ஒதுக்க மாட்டேன். ஒரு சுற்று ஆட வெளியாளுக்கு நூறு பவுண்டுக்குக் கணிசமாக மேல் ஆகிறது. நான் வருடத்துக்கு ஒரு முறை ஆடினாலே அதிகம். 1904-இல் மேய்ச்சல் உரிமை இருந்தவர்களுக்கு ஊர்க்காற்றில் பறந்து வந்த பந்துகள் மகிழ்ச்சி தந்திருக்காது.

ஆனால் இன்னொன்றையும் கண்ணால் பார்க்கிறேன். சர்ரேயில் கோல்ஃப் இல்லாத ஹீத் பல இடங்களில் வீட்டுமனையாகிவிட்டது. கோல்ஃப் இருந்த இடத்தில் செடி நிற்கிறது, வானம்பாடி கூடு கட்டுகிறது, நடக்கிறவனை யாரும் தடுப்பதில்லை. ஆடுகள் செய்த வேலையை இப்போது புல்வெட்டி இயந்திரமும் சம்பள ஆட்களும் செய்கிறார்கள். அந்தச் சம்பளத்தைக் கட்டணம்தான் கொடுக்கிறது. இது முழு நீதி என்று சொல்லமாட்டேன். நிலம் உயிரோடு இருக்கிறது, அதை எடைபோட்டே பேசுகிறேன்.

ஆடாதவர்கள் போகலாமா? எப்போது போவது நல்லது?

தாராளமாக. லண்டன் பிரிட்ஜிலிருந்து டாட்டனம் கார்னர் ரயிலில் ஏறி டாட்வர்த்தில் இறங்குங்கள். அங்கிருந்து ஒரு மைல் நடை. பழைய மைதானத்தின் முதல் ஹோல் நீளமான பார் 3, மற்ற ஹோல்களிலிருந்து சாலையால் பிரிந்து தனியாகக் கிடக்கும். சாலையைத் தாண்டியதும் நிலம் திறந்துகொள்ளும். பாதைகளில் மட்டும் நடங்கள். ஃபேர்வேயைக் கடக்கும்முன் டீ பக்கம் பாருங்கள், யாராவது மட்டையோடு நின்றால் அவர் அடிக்கும்வரை காத்திருங்கள், "ஃபோர்!" என்று கத்தினால் தலையைக் கவிழ்த்துக்கொள்ளுங்கள். மார்ச் முதல் ஜூலை வரை பறவைகள் தரையில் கூடு கட்டியிருக்கும், புதருக்குள் பிள்ளைகளையும் நாயையும் விடாதீர்கள்.

மஞ்சளும் தேங்காய் வாசமும் வேண்டுமென்றால் ஏப்ரல். ஊதா வேண்டுமென்றால் ஆகஸ்ட் மூன்றாம் வாரம், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல். வெயில் சாய்ந்த பிறகு ஹெதர் மேல் ஒரு புகைபோல நிறம் எழும்பும், தேனீக்கள் அப்போதும் வேலையில் இருக்கும். மேட்டில் காற்று விடாது, ஆகஸ்டிலும் ஒரு ஸ்வெட்டர் வைத்துக்கொள்ளுங்கள். சித்தப்பா வைத்துக்கொள்ளவில்லை. என் மேல்சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு, இருட்டும்வரை வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.